லைசென்ஸ் இல்லாமல் பேசினோம்

அக்கா,

இன்று காலை போளூரில் மழைக்கு ஒதுங்கி ஒரு பேட்டரிக் கடை வாசலில் நின்றேன். உள்ளே ஒருவர் பேட்டரிக்கு ஆசிட் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுவிட்டாய். தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் லாரி பேட்டரி, தோள்பக்கம் பொட்டுப் பொட்டாய் ஆசிட் தின்ற புடவை. மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

உன் காரியத்துக்கு மலைக்கு வந்திருந்தேன் அல்லவா, அன்று பந்தியில் மலைக்குக் கீழேயிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர் ஒருவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். "பாவம், வெவரம் தெரியாம வயர்லெஸ் வெச்சிக்கினு கேசுல மாட்டிக்கிச்சு அந்தம்மா" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார். எடுத்த சோற்றை இலையில் போட்டேன். "வெவரம் தெரிஞ்சேதான் வெச்சிருந்தோம். லைசென்ஸ் இல்லன்னும் தெரியும், கேசு வரும்னும் தெரியும்" என்றேன். பந்தியே திரும்பிப் பார்த்தது. நீ இருந்திருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பாய்.

அந்த வயர்லெஸ் பெட்டிகள் வந்த கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்புதான். என் வூட்டுக்காரர் லாரியோடு மெட்ராஸ் போனவர், பழைய சாமான் கடையில் காரில் பாட்டுக் கேட்கிற ரேடியோ என்று நம்பி இரண்டு பெட்டிகளை வாங்கி வந்தார். எந்தப் பட்டனைத் திருப்பினாலும் பாட்டு வரவில்லை. உஸ் என்று ஒரே இரைச்சல். போளூர் ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் மைக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது பாடாதும்மா, பேசும். சி.பி. செட்டுன்னு பேரு. ஒன்னுல பேசினா இன்னொன்னுல கேக்கும். ஆனா லைசென்ஸ் இல்லாம வெச்சா கேசு." மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். மூன்றையும் கேட்டுக்கொண்டுதான் வீடு வந்தோம்.

மலை ரோடு ஏறுகிற இடத்தில் என் டீக்கடை. நீ புளி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கும்போது இதை ஒரு வேடிக்கையாகத்தான் உன்னிடம் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. கிளாசைக் கீழே வைத்தாய்.

"அதுல ஒன்ன எனக்குக் குடு."

"கேசு ஆவுமாம் யக்கா."

"பஸ்சு வருமா வராதான்னு தெரியாம மூட்டையோட ரோட்டுல உக்காந்து பாதி ஆயுசு போச்சு. கீழ ஆஸ்பத்திரியில சேத்தவன் இருக்கானா போனானான்னு தெரியறதில்ல. எங்க ஊருக்கு ஒரு போனு போட யாருக்கும் மனசு வர்ல. பேசுறது கேசுன்னா போடட்டும்."

ரிப்பேர்க்காரரே என் கடையில் ஒன்றைப் பொருத்திவிட்டு, மற்றதைப் பொருத்த மலைக்குப் போனார். உன் வீட்டுக்குள் வைத்தபோது இரைச்சல்தான் வந்ததாம். வீடு பள்ளத்தில் இருக்கிறது, சுற்றிலும் மேடு என்றார். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாமைக் காட்டு ஓரத்துக் காவல் கொட்டாய்க்கு நடந்தாய். அங்கிருந்து பார்த்தால் கீழே ஏரி தெரியும். என் கடையும் அதே பக்கம்தான். மூங்கில் கழியின் உச்சியில் செம்புக் கம்பியைக் கட்டி நிமிர்த்தி நட்டார்கள். அவர் கம்பியின் நீளத்தை இரண்டு மூன்று தடவை நறுக்கிச் சரிபார்த்தார். நீளம் தப்பினால் பெட்டி சூடேறிப் புகைந்துவிடுமாம். நான் கடையில் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று இரைச்சலுக்குள்ளிருந்து உன் குரல்.

"தங்கச்சி, இன்னா கொழம்பு?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டார்கள். நான் பட்டனை அமுக்க மறந்து, கருவாட்டுக் குழம்பு என்று வெறும் பெட்டியிடம் கத்திக்கொண்டிருந்தேன்.

பேசி முடித்தால் 'ஓவர்' சொல்ல வேண்டும் என்று ரிப்பேர்க்காரர் சொல்லிக் கொடுத்திருந்தார். நீ ஒரு நாளும் சொன்னதில்லை. "அவ்ளோதான்" என்பாய். அதற்குப் பிறகு நானும் அதையே பிடித்துக்கொண்டேன். மாடு ஓட்டிவிட்ட பிறகு காலையில் கொஞ்ச நேரம், பொழுது சாய ஒரு தரம். மற்ற நேரம் பேட்டரி தீர்ந்துவிடும் என்று அணைத்து வைப்போம். பஸ் ரிப்பேர், இன்று வராது. மாத்திரை வந்துவிட்டது, ஆள் அனுப்பு. பிள்ளை பிறந்தாச்சு, பெண்பிள்ளை, இரண்டு பேரும் சுகம். இப்படித்தான் நம் குற்றம் நடந்தது, அக்கா. பேட்டரி இறங்கிவிட்டால் நீ அதைச் சுமந்து இறங்கி, சார்ஜ் ஏற்றி, திரும்பச் சுமந்து ஏறினாய். ஆம்பிளைகள் தூக்குகிறோம் என்றால் விடமாட்டாய். அவர்கள் அவசரத்தில் சாய்த்துவிடுவார்களாம்.

அந்த வருஷங்களில் மலைக்காரர் ஒருவர் மூட்டையோடு இறங்கினால் போதும், சந்தனக் கட்டையா என்று ஃபாரஸ்ட்காரர்கள் குத்திப் பார்ப்பார்கள். அன்று காலை உன் வூட்டுக்காரர் புளியோடு இறங்கி வந்தார். என் கடை பெஞ்சில் மூட்டையை அவிழ்த்து எனக்கு இரண்டு கை புளி அள்ளி வைத்துவிட்டுப் போனார். போனவர் கொஞ்ச நேரத்தில் காக்கி ஜீப்பின் பின்னால் உட்கார்ந்தபடி திரும்பி வந்தார். மூட்டையைக் காணோம். ஜீப்காரர்கள் டீ கேட்டார்கள். பின்னால் இருந்த மாமா என்னைப் பார்த்தார். உதடு கிழிந்திருந்தது.

நான் உள்ளே போய்ப் பட்டனை அமுக்கினேன். நல்ல வேளை, நீ பெட்டியைப் போட்டு வைத்திருந்தாய்.

"யக்கா, மாமாவ ஜீப்புல இட்டுக்கினு போறாங்க."

உடனே கேட்டாய். "எங்க?"

"தெர்ல."

"கேட்டியா?"

"கேக்கல யக்கா. பயமா இருக்குது."

"பயந்துக்கினே கேளு. எந்த ஊரு, எந்த எடம், இன்னா கேசு. போ."

டீ கிளாஸ்களை நானே எடுத்துக்கொண்டு ஜீப் பக்கம் போனேன். "எங்க இட்டுக்கினு போறீங்க இவர?" என்றேன். பெரியவராய்த் தெரிந்தவர் முறைத்தார். "உனக்கு இன்னாத்துக்கு?" நான் கிளாசைக் கொடுக்காமல் நின்றேன். டிரைவர்தான் அவசரத்தில் உளறினார்: "ஏரிக்கரை பங்களாவுக்கும்மா. டீயைக் குடு."

ஸ்டேஷன் இல்லை, ஆபீஸ் இல்லை. ஆள் இல்லாத பழைய பங்களா. அங்கே மாட்டியவர்கள், இவர்கள் எழுதிக் கொடுத்த தாளில் கைநாட்டு வைத்துவிட்டுத்தான் வெளியே வருவார்கள் என்று ஊருக்கே தெரியும்.

உனக்குச் சொன்னேன். "அவ்ளோதான்" என்றுகூட நீ சொல்லவில்லை. வெயில் உச்சிக்கு வருவதற்குள் குறுக்குத் தடத்தில் ஊரையே இறக்கிக்கொண்டு வந்துவிட்டாய். அறுப்பை விட்டு வந்தவர்கள், கையில் அரிவாளோடு வந்தவர்கள். அரிவாள்களையெல்லாம் என் கடையில் வாங்கி வைத்தாய். "வெறும் கையோட வர்றவங்க வாங்க" என்றாய். நானும் கடையைச் சாத்திவிட்டு, முந்தானையில் அந்தப் புளியை முடிந்துகொண்டு நடந்தேன்.

பங்களா வாசலில் எல்லோரும் உட்கார்ந்தோம். ஜீப்பில் என்னை முறைத்த அந்த அதிகாரி வெளியே வந்ததும் முதலில் கேட்டது, "உங்களுக்கு எப்பிட்றி தெரியும்?" என்றுதான்.

"எங்ககிட்ட பேசுற பொட்டி இருக்குது" என்றாய்.

நான் உன் கையைக் கிள்ளினேன். நீ தட்டிவிட்டாய்.

"ஓ. சந்தனக் கட்டை கடத்தறவனுக்குத் தகவல் சொல்றதுக்கா?"

"எங்க ஊர்ல சந்தனக் கட்டையில யாரு வூடு கட்டியிருக்கான்னு வந்து பாருங்க. எங்க வூட்டுக்குக் கதவே கெடையாது. படல்தான் சாத்தறோம். அவர் கொண்டாந்தது புளி."

நான் முந்தானையை அவிழ்த்தேன். "இதான் சார் அந்த மூட்டையில இருந்தது. என் கடையில எல்லாரும் பாத்தாங்க. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்." என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

பொழுது சாயும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. ரோட்டில் போனவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில் மாமாவை வெளியே விட்டார்கள். மூட்டையையும் கேட்டு வாங்கினாய்.

அவர்கள் பிறகு பெட்டிக்கு வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். என் கடைப் பெட்டியை வந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். உன்னுடையதை ஒளித்து வைக்கச் சொன்னோம். பாறைப் பொந்து எத்தனை இல்லை உங்கள் மலையில்! நீ கேட்கவில்லை. சும்மாடு கட்டி, பெட்டியை நீயே சுமந்து இறங்கி அவர்கள் மேஜையில் வைத்தாய். "எங்க வூட்ட வந்து கலைக்காதீங்க. ஒளிக்க நான் ஒன்னும் திருடல" என்றாய்.

கோர்ட்டில் நம் இரண்டு பேரையும் நிற்க வைத்தார்கள். தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்லுங்கள், விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்தார். நீதிபதி கேட்டார். நீ சொன்னாய்: "தெரிஞ்சுதான் பேசினோம் சாமி. போனு போடுங்க, நிறுத்திக்கறோம்." வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். நீதிபதி என்னைப் பார்த்தார். "அக்கா சொன்னதுதான் நானும்" என்றேன். அபராதம் போட்டார்கள். பெட்டிகள் திரும்பி வரவில்லை.

விட்டோமா? ரிப்பேர்க்காரரைக் கூட்டிக்கொண்டு லைசென்சுக்கு எழுதினோம். யார் பேரில் என்று கேட்டபோது எல்லோரும் என் வூட்டுக்காரரைப் பார்த்தார்கள். "என் பேர்ல" என்றாய். ஒரு புளி காலம் போய் அடுத்ததும் போனது. ஒவ்வொரு மாதமும் போய்க் கேட்டுவிட்டு வந்தாய். கடைசியில் உன் பேரில் லைசென்ஸ் வந்தது. என் வூட்டுக்காரர் மறுபடி மெட்ராஸ் போய், இந்தத் தடவை தெரிந்தே இரண்டு பெட்டிகள் வாங்கி வந்தார். உங்கள் ஊருக்கு போன் வரும்வரை பேசினோம். நிறுத்தச் சொல்லி யாரும் வரவில்லை.

தப்பு செய்தோம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. இன்னொரு தடவை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

போன வாரம் கடைக்கு முன்னால் ஒரு போலீஸ் வேன் நின்றது. பின்னால் இரண்டு பையன்கள், தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மலைப் பையன்கள்தான். என் முட்டி இப்போதெல்லாம் சொன்னபடி கேட்பதில்லை. ஆனாலும் இறங்கிப் போய் வேனுக்கு முன்னால் நின்றேன்.

"யாரு பசங்க? இன்னா கேசு? எங்க இட்டுக்கினு போறீங்க?"

"வழிய விடு பாட்டி. உனக்கு இன்னாத்துக்கு?"

உள்ளே ஒரு பையன் நிமிர்ந்து பார்த்தான். பயமாகத்தான் இருந்தது, அக்கா. பயந்துகொண்டேதான் இரண்டாம் தடவையும் கேட்டேன். பையன்களின் ஊர் பேரும் ஸ்டேஷன் பேரும் அவர்கள் வாயிலிருந்து வந்த பிறகுதான் நகர்ந்தேன்.