கடைசி நம்பர்

06.02.2024
பேத்தி பிரியந்தினியை அச்சுவேலி டொக்டரிடம் கூட்டிப்போனேன். நம்பர் துண்டு கொடுக்கும் தர்சினி வழக்கம்போல, "பாவம், நீங்கள் முதல் போங்கோ ஐயா" என்றாள். கதிரையில் சரியாக இருக்கவும் இல்லை, வெளியே வந்துவிட்டோம். அதற்குள், பிள்ளை கதைத்துக்கொண்டிருக்கும்போதே வெறித்துப்போவதை, கையிலிருந்து தண்ணிப் பேணி விழுவதை டொக்டரிடம் சொன்னேன். பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கேட்டேன்.

"புத்தி வளர்ச்சி குறைஞ்ச பிள்ளையள் உப்பிடித்தான். உங்கடை வயசிலை ஏன் அலையிறியள்?" என்றார்.

என் வயதைப் பார்த்தா அவளுக்கு வைத்தியம்?

09.02
பிரான்சிலிருந்து மகள் போன் எடுத்தாள். "டொக்டரை விட உங்களுக்குத் தெரியுமே அப்பா?" எட்டாம் வகுப்புத்தான் நான். மிச்சம் நானாக வாசித்தது. ஆனால் பிள்ளையோடு இருப்பவன் யார்?

பிரியந்தினி சிவப்புக் கோழி தொலைந்த கதையை மறுபடி தொடங்கினாள். பாதியில் நின்றுவிட்டது.

13.02
அதே டொக்டர், அதே பதில். திரும்பி வரும்போதுதான் உறைத்தது: முதலில் விடுவது இரக்கமே இல்லை. வெளி வாங்கில் காத்திருந்து பிரியந்தினி சத்தம் போடக்கூடாது, அவ்வளவுதான். வெளியே அத்தனை பேரை வைத்துக்கொண்டு டொக்டர் எங்களோடு எப்படி ஆறுதலாகக் கதைப்பார்?

15.02
இன்றும் பேணி விழுந்தது. வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை.

20.02
"கடைசி நம்பர் தா பிள்ளை" என்றேன் தர்சினியிடம்.

"ஐயாவுக்கு என்ன, விசரே?"

"ஓம், விசர்தான். தா."

பிரியந்தினி கத்தினாள். யாருடையதோ குடையை இழுத்தாள். ஒரு மனுசி எழுந்து தள்ளிப்போனாள். நான் அசையவில்லை.

எல்லோரும் போனபின் உள்ளே போனோம். டொக்டர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நேரம் ஏன் இருந்தனீங்கள்?"

"இனி உங்களுக்கு அவசரமில்லைத்தானே. இவளோடை கதையுங்கோ."

பிஸ்கற் ஒன்று நீட்டினார். வாங்கிக்கொண்டு கோழிக் கதையைத் தொடங்கினாள். நின்றாள். கண் எங்கேயோ. பிஸ்கற் விழுந்தது.

"பிரியந்தினி... பிள்ளை..."

பதிலில்லை. பிறகு, ஒன்றும் நடக்காததுபோல மேசையில் பிஸ்கற்றைத் தேடினாள்.

டொக்டர் தேத்தண்ணியைத் தள்ளிவைத்தார். "இது வலிப்பாயும் இருக்கலாம்" என்று பேனாவை எடுத்தார். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. முதலில் கடிதத்தை எழுதட்டும்.

23.04
வலிப்புத்தானாம். மருந்து தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. இன்று பெரியாஸ்பத்திரி கிளினிக்கிலும் தாதி, "பாவம், இவையளை முதல் விடுங்கோ" என்றாள். எங்கள் நம்பர் வரட்டும் என்றேன்.

பின்னேரம், பேணியைப் பிடித்தபடியே கதையை முடித்தாள். சிவப்புக் கோழி கிணற்றடி வாழைக்குள் அடைகிடந்ததாம். கேட்க நான் ஒருவன்தான் இருந்தேன்.