கடை மூடுவதாக எழுதிய பலகை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். போனில் சொன்னால் நடுவில் பேசி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நம் செருப்புக்கடையை இந்த மாதக் கடைசியோடு மூடுகிறோம். இந்தத் தடவை நிஜமாகவே. போன வருஷம் வியாபாரம் மந்தமாக இருந்தபோது 'கடையை மூடுகிறோம், எல்லாம் பாதி விலை' என்று பலகை வையுங்கள், கூட்டம் அள்ளும் என்று நீதான் யோசனை சொன்னாய். அள்ளியது, இல்லையென்று சொல்லவில்லை, கண்ணாடிக் கதவே விரிசல் விட்டது. கூட்டம் அடங்கியதும் மறுபடி அதே பலகை, அப்புறம் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம், அப்புறம் குலுக்கல், திரும்பவும் பலகை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நல்ல யோசனைதான்டா. ஆனால் மொத்தத்தில் இந்தக் கடை யாருக்காக இருக்கிறது, எங்கே போகப் போகிறது என்று நீயும் யோசிக்கவில்லை, உன் அப்பாவும் யோசிக்கவில்லை. வீங்கிய கால், வளைந்த விரல் என்று வேறெங்கும் செருப்பு பொருந்தாதவர்கள் தேடி வந்த கடை இது. நம் அளவுக்காரர் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் வைத்து அளவெடுப்பார், பத்தொன்பது வருஷம் நம்மோடு இருந்த மனுஷன். தள்ளுபடிக் கூட்டத்தில் அவருக்கு உட்கார இடமில்லை, கால்வலிக்காரர்கள் வாசலோடு திரும்பினார்கள். மூன்றாவது தடவை பலகை ஏறியதும் என்னிடம் வந்து, மூடுறது உண்மையா பொய்யான்னு எனக்கே புரியல அண்ணி, எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு என்று சொல்லிவிட்டு எதிர்க்கடையில் சேர்ந்துவிட்டார். அவரைத் தேடி அந்தக் கால்வலிக்காரர்களும் அங்கேயே போய்விட்டார்கள். தப்புச் சொல்ல முடியுமா?

அப்பா மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம். நேற்று கேட்டே விட்டேன், இத்தனை வருஷம் கடை நடத்தின உங்க புத்தி எங்க போச்சு, அவன் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுவீங்களா என்று. காலிப் பெட்டிகளை மடக்கிக்கொண்டே இருந்தார். கடைசிப் பெட்டியையும் மடக்கி வைத்துவிட்டு, ஆஃபர் போட்ட நாள்ல எல்லாம் எத்தனை பேர் வந்தாங்கன்னு கேட்டு அவன் போன் பண்ணுவான், ஆஃபர் முடிஞ்சா போனும் நின்னுடும் என்றார்.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய், மறந்துவிடாதே. கடையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா