அபி அம்மாவின் முகம், திரை முழுக்க

ஆவணி 6, புதன்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவதாகப் பாவனை மட்டும்.

ஸ்டுடியோவுக்கு அபிநயா கல்யாண வேலை வந்திருக்கிறது. பின்தெருப் பெண். சனி மாலை ரிசப்ஷன், ஞாயிறு முகூர்த்தம். ரிசப்ஷனில் பெரிய எல்இடி திரையில் ஓட்ட ஒரு சின்ன வீடியோ. அதில் முக்கியம் அவள் அம்மா படம். அபிக்கு விவரம் தெரியுமுன்னே தவறிவிட்டார். மிச்சம் இருப்பது அந்த ஒரு படம்தான், மற்றதெல்லாம் ஒரு புயலில் நனைந்து கூழாகிவிட்டது.

"அக்கா, மெதுவா கிட்ட வரணும். அம்மா முகம் மட்டும் திரை முழுக்கத் தெரியணும். நான் எதிர்ல நின்னு பாக்கணும்" என்றாள். செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். யோசிக்குமுன் வாக்குக் கொடுப்பது என் குணம்.

சுவரில் மாட்டிய படத்தை ஃபோனில் எடுத்து அனுப்பியிருக்கிறாள். ஜூம் போட்டேன். புடவைக் கட்டமெல்லாம் நெளிகிறது. முகம் நடுங்குகிறது. கிட்டே போனால் சதுரம் சதுரமாக உடைகிறது. கம்ப்யூட்டரைத் திட்டினேன்.

வாங்க வேண்டியவை: தயிர், கொசுவத்தி, மவுஸுக்கு பேட்டரி.

ஆவணி 7, வியாழன்

நடுக்கத்தின் காரணம் பிடிபட்டது! எங்கள் ஸ்டுடியோவில் ஒரு பழக்கம். எந்தப் படம் வந்தாலும் "முதல்ல திரைக்குள்ள உக்கார வை" என்பார் முதலாளி செல்வம் அண்ணன். உட்கார வைக்கும்போதே படம் சுருங்கிவிடுகிறது. அந்தச் சுருங்கியதைத்தான் இத்தனை நாள் இழுத்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்திருக்கிறோம். இன்று சுருக்காமல், முழு அளவிலேயே வைத்து ஜூம் செய்தேன். நடுக்கம் பாதி போயிற்று.

அண்ணனிடம் காட்டினேன். "அடப்பாவமே, எத்தனை மாப்பிள்ளைய நடுங்க விட்டிருக்கோம்" என்று சிரித்தார். வேறு முதலாளியாக இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். நல்ல மனிதர்.

அபி அம்மா முகம்தான் இன்னும் சரியில்லை. ஒரு கன்னம் இழுத்தது போல, காது அகலமாக. கன்னத்தை நானே திருத்திப் பார்த்தேன். வேறு யாரோ ஆகிவிட்டார். உடனே அழித்தேன். அபியின் அம்மாவுக்கு முகம் வரைய நான் யார்?

படத்தை வெளியே எடுத்து ஸ்கேன் செய்தால்தான் வழி. பொட்டு வைத்து விளக்கேற்றும் படம். கல்யாண வீட்டில் போய்க் கழற்றிக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது?

ஆவணி 8, வெள்ளி

தூறல். வாய்க்காலில் கரை தொட்டுத் தண்ணீர். அபி வீட்டு வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அபியின் அப்பா ராமலிங்கம் மாமா வயலிலிருந்து அப்போதுதான் வந்தார். காலில் சேறு. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா..." என்று இழுத்தார். அப்புறம் அவரே போய்ப் படத்தை இறக்கி, மாலையை எடுத்து, குறடால் ஆணிகளைப் பிடுங்கினார்.

படம் தட்டையாக இல்லை, வயிறு தள்ளி நின்றது. பாதியைப் பின்னால் மடித்து வைத்திருக்கிறார்கள். கன்னம் இழுத்தது அதனால்தான். கம்ப்யூட்டரே, மன்னித்துக்கொள்.

மடிப்பைப் பிரித்தால், அம்மா பக்கத்தில் மாமா! கறுகறு மீசை, புது வாட்ச் தெரியும்படி கை.

"உசுரோட இருக்கறவனுக்கு மாலை போடக் கூடாதும்மா. அதான் ஃபிரேம் கடையில மடிச்சுட்டாங்க."

அபி படத்தை வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தாள். இரண்டு பேரையும் சேர்த்து அவள் பார்த்ததே இல்லை. பிறகு, "ரெண்டு பேரையுமே போடுங்கக்கா."

"நல்ல காரியத்துல என்னை என்னத்துக்கு? தாரை வாக்கவே நான் ஆகாது" என்றார் மாமா. மனைவி இல்லாதவர் என்பதால் சித்தப்பாவும் சித்தியும்தான் தாரை வார்க்கிறார்கள். வருத்தம் காட்டாமல் சொன்னார்.

அபி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரி, ஒன் இஷ்டம்" என்று கால் கழுவப் போய்விட்டார்.

ஆவணி 9, சனி

ஸ்கேன் நல்ல பெரிதாக வந்தது. இப்போது கன்னம் கன்னமாக இருக்கிறது, நான் ஒன்றும் செய்யவில்லை. புடவைக் கட்டம் மட்டும் தூரத்தில் மினுமினுத்தது. ஆரம்பத்தில் துளி மங்கலாக்கி, கிட்டே வர வர மங்கலைக் குறைத்தேன். அடங்கிற்று. மடிப்புக் கோட்டை அழிப்பதில் காலை முழுதும் ஓடிவிட்டது. சாப்பாடு மறந்தே போச்சு.

மாலை, மண்டபம். கரண்ட் போகவில்லை, அதற்கே யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும். முதலில் இருவரும். மெதுவாக அம்மா முகம், திரை முழுக்க. அபி எதிரில் நின்றாள். மறுபடி பின்னால் வந்து இருவரும். ஒரு நடுக்கமில்லை.

"அபி அப்பா மீசையப் பாருடி" என்று பின்வரிசையில் யாரோ. மாமா பந்திக் கதவோரம், தோளில் துண்டோடு, கையில் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். இந்த வேலை எனக்குக் கிடைத்ததே பெரிய விஷயம்.

ஆவணி 10, ஞாயிறு

முகூர்த்தம் நல்லபடி. நல்ல வெயில். தாரை வார்த்தபோது மாமா ஓரடி தள்ளி நின்றார். அபி திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தாள்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது படத்தைக் கவரில் போட்டு மாமாவிடம் கொடுத்தேன். பழையபடி மடித்து நானே ஃபிரேமில் வைத்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"மடிக்க வேணாம்மா. மாலை போடாம மாட்டிக்கிறேன்." கவருக்குள் எட்டிப் பார்த்தார். "இந்த அகலத்துக்கு ஃபிரேம் நம்மூர்லயே கெடைக்குமா, தஞ்சாவூருக்குப் போவணுமா?"