மீதி மைனஸ் ஒன்று

மார்ச் 2, திங்கள்

வாய்மொழித் தேர்வு இருபதாம் தேதி என்று பல்கலைக்கழகக் கடிதம் வந்துவிட்டது. முனைவர் பட்டம் வராவிட்டால் ஜூனில் கல்லூரி வேலை போய்விடும். ராசிபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலிகூடத் தெரியவில்லை.

என் ஆய்வேடு முழுக்க ஒரே எண்ணின் மேல் நிற்கிறது. பத்து லட்சம் இலக்கத்துக்கு மேல் நீளம். அது வேறெந்த எண்ணாலும் வகுபடாத பகா எண்ணாக இருந்தால்தான் என் தேற்றங்கள் பிழைக்கும். சோதனையின் கடைசியில் மீதி −1 வந்தால் பகா எண். மூன்று வருஷம் முன்பு, நானே எழுதிய நிரலில், கல்லூரிக் கணினியில் அப்படித்தான் வந்தது. யாராவது கேட்டால் ‘மறுபடியும் பார்த்தேன்’ என்று சொல்லலாமே என்று, எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருளில் புது லேப்டாப்பில் ஓட்டிவிட்டிருக்கிறேன்.

மார்ச் 6

−1 வரவில்லை. என்னவோ ஒரு நீள மீதி. இந்த வெயிலில் மெஷின் சூடாகிக் கணக்கில் கோட்டை விட்டிருக்கும். அப்படித்தான் இருக்கும். இல்லையா? ஃபேனைப் பக்கத்தில் வைத்து மறுபடி ஓட்டுகிறேன்.

மார்ச் 10

அதே மீதி. இலக்கத்துக்கு இலக்கம் அதே. சூடு ஒரே தப்பை இரண்டு தடவை பண்ணாது.

பழைய நிரலைத் திறந்து பார்த்தேன். ஐயோ. மின்சாரம் போனால் விட்ட இடத்திலிருந்து தொடர ஒரு கோப்பு வைத்திருந்தேன். அந்தக் கோப்பைப் படிக்க முடியாவிட்டால், பிழை என்பதற்கு அடையாளமாக −1 தரும்படி நானே எழுதியிருக்கிறேன். பகா எண் என்றாலும் −1. கரன்ட் போய்க் கோப்பு கெட்டாலும் −1. மூன்று வருஷமாக ஒரு மின்வெட்டையா கும்பிட்டுக்கிட்டிருந்தேன்?

எதால் வகுபடும் என்று இந்தச் சோதனை சொல்லாது. வகுபடும் என்று மட்டும் சொல்லும். பயமாக இருக்கிறது.

மார்ச் 11

ஆய்வு வழிகாட்டி அருணகிரி சாரிடம் போனில் சொன்னேன்.

“ஏம்மா தனப்பிரியா, பத்து லட்சம் இலக்கம். எவன் உக்காந்து பாக்கப் போறான்? பேசாம இருந்துக்குங்க.”

உடனே போனை வைத்துவிட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

சோறு இறங்கவில்லை. என் மாமியார் சென்னியம்மாள் பார்த்துவிட்டார். “ஏஞ்சாமி, பேயறைஞ்சாப்பல இருக்கற? வா, கோயல்ல பூக்கேட்டுப் பாத்தரலாம்.”

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் வைத்து, அங்கே விளையாடிய குழந்தையை ஒன்று எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் நல்லது. வெள்ளைதான் வந்தது.

“என்ன கேட்டீங்க அத்தை?”

“எண்ணு கிண்ணு எனக்கென்னத்தத் தெரியும்? சபையில எம்மருமக தலை குனியக் கூடாதுன்னு கேட்டேன். ஆத்தா குடுத்துட்டா, போ.”

அதையே பிடித்துக்கொண்டேன். எண்ணைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மார்ச் 20

யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கை தட்டினார்கள்.

ஜூலை 6, திங்கள்

துறை வாசல் பலகையில் என் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ ஏறிவிட்டது. அத்தை தெரு முழுக்க லட்டு கொடுத்தார்.

காலையில் ஒரு மின்னஞ்சல். போலந்திலிருந்து ஒரு மாணவி. நூலகத் தளத்தில் என் ஆய்வேட்டைப் படித்தாளாம். ஒரு சின்ன ஊரிலிருந்து இவ்வளவு பெரிய பகா எண்ணைத் தனியாகக் கண்டுபிடித்தது பெரிய விஷயம் என்று எழுதியிருக்கிறாள். ஆசைக்காகத் தன் கணினியிலும் அந்தச் சோதனையை ஓட்டிவிட்டிருக்கிறாளாம். வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடுமாம். முடிந்ததும் முதலில் எனக்குத்தான் சொல்வாளாம்.