பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம்

ஏற்காடு மலை,
மேல் எஸ்டேட் காவல் கொட்டகை.

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி குழந்தைவேலு வணங்கி எழுதுவது. நீங்களும் மச்சானும் சுகந்தானே? மகள் மல்லிகாவுக்கு மசக்கை குறைந்ததா? நான் புலி மாதிரி இருக்கிறேன். கரண்ட் இல்லாத இந்தக் கொட்டகையில் தங்க, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரே பயப்படுவார்.

மல்லிகா ஆசைப்பட்டாளென்று லாரிக்காரர் தங்கராஜிடம் உப்புக்கண்டம் கொடுத்தனுப்பினேனே, அதைத் தின்ன வேண்டாம். முனியப்பன் சாமிக்கு வெட்டிய கிடாயில் பெரிய பங்கு எனக்குத்தான். நம்மூர் வெயில் நினைப்பில் கறியைத் தடிமனாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிரட்டி, வாசலில் கயிற்றில் கோத்துவிட்டேன். இங்கே ஒரே மூடுபனி. மேலே விறகாகக் காய்ந்த கறி உள்ளே ஈரமாக இருந்திருக்கிறது. தின்றதில் எனக்கு வயிறு கொஞ்சம் இளகியது. வேறு ஆளென்றால் டோலி கட்டித்தான் தூக்கியிருப்பார்கள். நான் ஒண்டிக்கடை ஆஸ்பத்திரி வரை நடந்தே போய் ஊசி போட்டு வந்தேன். டாக்டரே அசந்துபோனார்.

காப்பி பறிக்கும் மாதம்மாள் கயிற்றைப் பார்த்து, "ஏனுங்க, கறியைக் காய வெச்சீங்களா, குளிப்பாட்டி வெச்சீங்களா? மெல்லிசா அரிஞ்சு அடுப்புப் புகைக்கு மேல கட்டோணுமுங்க. ஒடிச்சா சுள்ளியாட்டம் ஒடியோணும்" என்றாள்.

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரிஞ்சுமா தின்னீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அக்கா, மல்லிகா வாயும் வயிறுமாக இருப்பவள். நாய்க்கும் போடாமல் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். தின்றிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

பழைய போர்வை ஒன்று கொடுத்தனுப்புங்கள். தங்கராஜ் ஹாரன் அடிக்கிறார். சுகமென்று மல்லிகாவையே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதினால், நான் பயப்படுவேனென்று நல்லதாகவே எழுதிவிடுவீர்கள்.

தம்பி,
குழந்தைவேலு