நார்மல் என்று வந்த ஸ்கேன்

குற்றாலம்
ஆனி 5

அன்பு மகன் சங்கரநாராயணனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நீ குவைத்து வெயிலுக்குத் தப்பி, நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே உன் அப்பா சுகம், நம் லாட்ஜ் சுகம், அருவியிலும் தண்ணீர் நன்றாக விழுகிறது. நான் ஒருத்திதான் சுகமில்லை. போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் லீவு முடிந்து நாளைக்கு அங்கே கிளம்புகிற உன் ரூம்காரன் கிங்ஸ்லி கையில் இதை ஒட்டிக் கொடுக்கிறேன். பெற்ற மகனிடம் பேசுகிற பேச்சில்லை இது, ஆனால் நீ பேசிவிட்டாய், நானும் எழுதுகிறேன்.

எனக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது. குனிந்தால், லாட்ஜின் ஈரப் போர்வை வாளியைத் தூக்கினால் அடியில் பந்து மாதிரி வந்து நிற்கும், படுத்தால் உள்ளே போய்விடும், தும்மினால் சேலை நனைந்துவிடும். உன் அப்பா, வயசானால் எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான் என்றார். நச்சரித்த பிறகு பங்குனியில் தென்காசிக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனார். அங்கேதான் நான் கிறுக்குத்தனம் பண்ணினேன். நாலு பேர் இருக்கிற இடத்துக்குப் போகிறோமே என்று, கல்யாண வீட்டுக்குப் போகிறபோது செய்கிற மாதிரி, குளித்து, இறங்கியதை உள்ளே தள்ளித் துணி வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்த பையனுக்கு உன் வயசுதான் இருக்கும். மூச்சைப் பிடித்து முக்கச் சொன்னான். அவன் முன்னால் எப்படி முக்குவது, மூத்திரம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று முக்காமல் இறுக்கிக்கொண்டேன். எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது. அன்றைக்குச் சாயங்காலமே போர்வை துவைக்க உட்கார்ந்தேன். நீயும் போனில் சொன்னாய், "அதான் ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு வந்துட்டுல்லா, பிறகு எதுக்கும்மா அப்பாவப் போட்டு பாடாப்படுத்துத?" உன் அப்பா பக்கத்தில் இருந்து சிரித்தார்.

போன வாரம் நானே திருநெல்வேலிக்கு பஸ் ஏறினேன், விட முடியாமல் அவரும் கூட வந்தார். பார்த்தது பெண் டாக்டர். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் துணியை எடுக்கவைத்து, ஸ்கேன் கருவியை அடியில் வைத்து, இருமுங்கள், முக்குங்கள் என்றாள். கூச்சப்பட்டேன். நனைந்தால் நனையட்டும், துடைத்துக்கொள்ளலாம் என்றாள். முக்கினேன். திரையை என் பக்கம் திருப்பினாள். மூத்திரப்பை சரிய, பின்னாலேயே கர்ப்பப்பை வழுக்கிக்கொண்டு இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். அழுதுவிட்டேன், நான் பொய் சொல்லவில்லை என்று ஒரு மிஷினாவது சொன்னதே என்றுதான் அழுதேன். இன்னொரு படமும் காட்டினாள். எல்லாவற்றையும் கீழிருந்து தாங்குகிற தசை வலது பக்கம் எலும்பை விட்டுப் பிய்ந்துபோயிருக்கிறதாம். ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை உண்டா என்று கேட்டாள். அது நீதான். உன்னைக் குறை சொல்லவில்லை, தலை மாட்டிக்கொண்டதற்கு நீ என்ன செய்வாய். ஆனால் உன் வாயாலேயே அந்தப் பேச்சைக் கேட்டேனே, அதுதான் ஆறமாட்டேன் என்கிறது.

வருகிற புதன்கிழமை ஆபரேஷன். உன் அப்பா உள்ளே வந்து படத்தைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "சீசன் முடிஞ்சு ஆவணியில வச்சுக்கிடலாமா?" அவள் என் முகத்தைப் பார்த்தாள். புதன்கிழமையே வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இனி ஆபரேஷனைத் தள்ளிப்போடும்படி உன்னை என்னிடம் பேசச் சொல்வார். நீ சொன்னால் கேட்பேன் என்று அவருக்குத் தெரியும், இதுநாள் வரை கேட்டும் இருக்கிறேன்.

ஏசிக்கு நேரே தலை வைத்துப் படுக்காதே, உனக்குச் சளி பிடிக்கும். திருமலைக் குமாரன் உன்னைக் குறைவில்லாமல் வைக்கட்டும். ஒன்றை மட்டும் மனதில் வை. புதன்கிழமை வரை உன் போனை எடுக்கமாட்டேன். வியாழக்கிழமை, வலிக்கிறதா அம்மா என்று கேட்பதானால் கூப்பிடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
ஆவுடையம்மாள்