வெள்ளிக்கிழமை குத்திய ஊசி

பாளையங்கோட்டை

அன்பு மகன் ஜாஸ்பருக்கு அம்மா எழுதுவது. தேவ கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக நடமாடுகிறோம், துபாயில் நீயும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து சமாதானம் சொல்லிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

எனக்கென்று நீ அனுப்பிய சர்க்கரை பார்க்கும் மெஷினைப் பெருமையாக வெள்ளிக்கிழமைதோறும் சபையில் நடக்கும் உபவாச ஜெபத்துக்கு எடுத்துப்போனேன். எல்லாரும் வெறும் வயிறுதானே, கஞ்சி குடிக்குமுன் பார்த்துவிடலாம் என்று அங்கே வரும் பதினொரு பெண்களுக்கும் மெஷினோடு வந்த குத்துகிற பேனாவால் நானே விரலில் குத்தினேன். வாரத்துக்கு ஒரு புது ஊசி, ஆளுக்கு ஆள் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷம் டீச்சர் வேலை பார்த்த மண்டைக்கு அது தப்பென்று உறைக்கவில்லை பார். போன மாதம் அவர்களில் ஒருத்தி, பாடகர் குழுவில் பாடும் சுகிர்தாவுக்கு மஞ்சள் காமாலை. ரத்தத்தில் பி வகைக் கிருமியாம். ஊசி வழியாகவும் வரும், தாம்பத்தியத்திலும் வரும் என்று டாக்டர் சொன்னதில் இரண்டாவதை மட்டும் ஊர் பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரரு முகங்குடுத்துப் பேச மாட்டேங்காரு எக்கா, நான் என்ன பாவம் செஞ்சேன் என்று அவள் என் கையைப் பிடித்து அழுதபோதுதான் நான் குத்திய ஊசி எனக்கு நினைவுக்கு வந்தது. மறுநாளே அந்த டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பேனாவோ ஊசியோ ஒருத்தருக்கு மேல் பயன்படுத்தவே கூடாது, துடைத்தால் போதாது, யாரிடமிருந்து யாருக்குப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது, எல்லாரும் சோதித்தே ஆகவேண்டும் என்றார்.

சபைச் செயலர் ஞானையா அண்ணாச்சியிடம் சொன்னால், பைய விடுங்க டீச்சர், வெளிய தெரிஞ்சா சபை பேரு நாறிப் போகும் என்கிறார். நாறட்டும். வருகிற ஞாயிறு அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில் எழுந்து நின்று, குத்தியது நான், சுகிர்தாவை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது என்று சொல்லப்போகிறேன், அவள் வீட்டுக்காரரும் காதால் கேட்கட்டும். திங்கட்கிழமை வேன் பிடித்து எல்லாரையும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன், வர மறுப்பவள் வீட்டு வாசலில் போய் உட்காருவேன். நீயும் சர்க்கரைக்காரன், அறையில் கூட இருப்பவர்கள் கேட்டால் உன் பேனாவைக் கொடுக்காதே, ஊசியை மாற்றினாலும் கொடுக்காதே, கோபித்தால் கோபிக்கட்டும்.

என்னை நினைத்துப் பயப்படாதே, என் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. வலிக்காது என்று காட்ட ஒவ்வொரு வெள்ளியும் முதலில் என் விரலில்தான் குத்திக்கொள்வேன். புது ஊசி எனக்குத்தான் கிடைத்தது மக்கா.

கர்த்தர் உனக்குத் துணை நிற்கட்டும். ஞாயிறு காலை எனக்காக ஜெபிக்க மறக்காதே.

உன் அம்மா